முதலில் கருத்து

பத்தூமியில் மழை, மூன்றாம் நாள்.
ஓட்டலின் அடித்தளத்தில்
துணி உலர்த்தும் இயந்திரங்கள் உருளும் அறையில்
செவ்வாயும் வியாழனும் எனக்கு வகுப்பு.
கரும்பலகை கிடையாது.
கழித்துப்போட்ட படுக்கை விரிப்பைச் சுவரில் தொங்கவிட்டுத்
துவைத்தால் போகும் மையில் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பெயரடை.
பெயர்ச்சொல் முட்டை என்றால்
அடைகாக்க உட்காரும் கோழி இது என்றேன்.
"கோழி எழுந்து போய்விட்டால்?"
கேட்டவர் நுக்சார், லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
முட்டை இருக்கும். சூடு இருக்காது.
எதையோ எழுதிக்கொண்டார்.

முதல் விளையாட்டுக்கு ஒரு ஊறுகாய் பாட்டில்.
'நைஸ்' என்றோ 'குட்' என்றோ சொன்னால்
பத்துத் தெத்ரி அபராதம்.
இரவுக் காவலர் கோச்சா
காசை முதலில் போட்டுவிட்டு
நிம்மதியாகச் சொன்னார்: "நைஸ் வெதர்."
வெளியே கடல் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்தது உயர வரிசை.
டால், டாலர், டாலஸ்ட்.
டாலர் என்றதும் கோச்சா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
மேற்பார்வையாளர் இர்மா,
பன்னிரண்டு மாடிக்கும் சாவி வைத்திருப்பவர்,
வரிசையின் கோடியில் போய் நின்றார்.
ஷார்ட்டஸ்ட் என்று யாரும் சொல்லவில்லை.
அவரே சொல்லிவிட்டுச்
சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார்.

பிறகு தலையணை உறை.
உள்ளே, விருந்தினர் மறந்துபோய்
ஆறு மாதமாய்க் கேட்பாரற்றுக் கிடந்தவை.
கையை விடு, பார்க்காதே, விவரி.
"ஸ்மால், பிளாக்" என்றார் நுக்சார்.
தொட்டால் நிறம் எப்படித் தெரியும்?
"பணக்காரர்கள் தொலைப்பதெல்லாம் கறுப்புதான்."
குளிர்க்கண்ணாடி. கறுப்புதான்.
கோச்சா கண்ணை இறுக்கிக்கொண்டு
"ஸ்மூத்… கோல்ட்… ஹங்ரி" என்றார்.
ஹங்ரியா?
வெளியே எடுத்தார்: பாதிப் பல்செட்.

அடைகள் பல வந்தால் வரிசை உண்டு,
விரிப்பில் எழுதினேன்:
கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், செய்பொருள்.
பெட்டி மாறி ஏறினால் ரயில் போகும்,
பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதுவரை பேசாதிருந்த சியாலா எழுந்தார்.
இஸ்திரிச் சூட்டில் கைரேகை தேய்ந்தவர்.
"கருத்து என்றால் யாருடையது?"
பேசுபவருடையது.
"அளவுக்கும் முன்னாலா?"
எல்லாவற்றுக்கும் முன்னால்.
"பொருள் பெரிதா சிறிதா என்று சொல்லுமுன்பே?"
ஆமாம்.
அவர் இர்மாவைப் பார்த்தார்.
இர்மா இயந்திரத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.
உள்ளே யாருடைய வெள்ளைச் சட்டையோ
கைதூக்கிக் கைதூக்கி விழுந்துகொண்டிருந்தது.

"பதினோரு வருடம்," ஜார்ஜிய மொழியிலேயே சொன்னார்,
"அளவு சொல்லியிருக்கிறேன். நிறம் சொல்லியிருக்கிறேன்.
எந்தக் கறை, எந்த அறை, எல்லாம் சொல்லியிருக்கிறேன்.
முதல் பெட்டியில் மட்டும் ஏறியதில்லை."

உறைக்குள் கைவிட்டு
நெடுநேரம் தடவினார்.
பிறகு ஆங்கிலத்தில், மடிப்புக் கலையாமல் அடுக்குவதுபோல,
"அக்ளி. ஸ்மால். ஓல்ட். ரவுண்ட். மெட்டல்… பெல்."
வெளியே வரும்போதே அது ஒலித்துவிட்டது.
பொருள் போதாமல் காலையில் நான்
இர்மாவின் மேசையிலிருந்து எடுத்துப்போட்ட
அழைப்பு மணி.

வரிசை சரி என்றேன்.
வேறென்ன சொல்ல, இலக்கண ஆசிரியன்.

இர்மா எழுந்து வந்தார்.
பாட்டிலில் ஒரு காசு விழும் சத்தம்.
"நைஸ்" என்றார், சியாலாவைப் பார்க்காமல்.
மணியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

வீட்டுப்பாடம்: மழைக்கு ஐந்து அடை.
மினிபஸ் நிறுத்தத்தில் நானும் தொடங்கினேன்:
பெரிய, பழைய, சாம்பல்நிற,
துருக்கிப் பக்கமிருந்து வரும்…
அளவிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.
செருப்புக்குள் தண்ணீர்.
மறுபடி, முதலிலிருந்து.